மாப்பிள்ளை சிங்கப்பூர்... பேச்சுத் துணைக்கு யார்?

'மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை' என்று தெரிந்தவுடனே நம் வீடுகளில் என்னென்ன கேள்விகள் கிளம்பும்? சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, அங்கே இட்லி அரிசி கிடைக்குமா, கிரைண்டர் எடுத்துக்கொண்டு போகலாமா... ஒன்று விடாமல் விசாரித்து விடுவோம். 'அவர் ஆபீஸ் போன பிறகு நம்ம பொண்ணு அங்கே யார்கிட்டே பேசுவா?' என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

இட்லி அரிசி கிடைக்கும். தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் முருங்கைக்கீரை, வாழைப்பூகூடக் கிடைக்கும். பேச்சுத் துணைதான் கடையில் கிடைக்காத சரக்கு.

புதுசாகக் கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கம்பெனி மாற்றலில் போகும் நாற்பது வயதுக்காரருக்கும், அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் மனைவி மக்களுக்கும் இதே கதைதான். உங்கள் வீட்டிலிருந்து யாராவது போவதாக இருந்தாலோ, ஏற்கெனவே போய் உட்கார்ந்து 'ரொம்ப போரடிக்குதும்மா' என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தாலோ, இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் கொடுங்கள்.

வருகிறவர்கள் பாதி, போகிறவர்கள் பாதி

சிங்கப்பூர் ஒரு சின்னத் தீவு. பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கிறது. வருஷம் பூராவும் ஏறக்குறைய காலை ஏழு மணிக்குப் பொழுது விடியும், சாயந்திரம் ஏழு மணிக்கு இருட்டும். குளிர்காலம், கோடைக்காலம் என்பதெல்லாம் கிடையாது. புழுக்கம், மழை, மறுபடி புழுக்கம்.

2024-ம் வருஷக் கணக்குப்படி அங்கே 60 லட்சம் பேருக்குக் கொஞ்சம் மேலே. அதில் 18 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாமல் வேலைக்கும் படிப்புக்கும் குடும்பத்தோடும் வந்திருப்பவர்கள். பத்துப் பேரில் மூன்று பேர் உங்களைப் போலத்தான்! இது ஒரு விதத்தில் வசதி. 'புதுசா வந்திருக்கேன்' என்று சொன்னால் யாரும் உங்களை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். இன்னொரு விதத்தில் கஷ்டம். பாதிப் பேர் கிளம்பும் யோசனையிலேயே இருப்பார்கள். ரயிலில் எதிர் சீட்டுக்காரரோடு எவ்வளவு பழகுவோம், சொல்லுங்கள்?

மனைவியின் நிலைமையைப் பாருங்கள். கணவருக்கு வேலை அனுமதி. அவரைச் சார்ந்து வருகிறவருக்கு 'டிபெண்டன்ட் பாஸ்'. 2021 மே மாதத்திலிருந்து விதி கொஞ்சம் இறுகிவிட்டது. அந்தப் பாஸில் இருப்பவர் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால், முன்பு போல ஒரு ஒப்புதல் கடிதம் போதாது. அவருக்கென்று தனியாக வேலை பாஸ் வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் சில விலக்கு உண்டு. ஆக, இங்கே ஐந்து வருஷம் பாங்கில் வேலை பார்த்த பெண், அங்கே போய் சில மாதமோ சில வருஷமோ சும்மா உட்காரும்படி ஆகலாம். வேலை போனால் சம்பளம் மட்டுமா போகிறது? கூடவே டிபன் பாக்ஸைத் திறந்து பகிர்ந்துகொண்ட நாலு தோழிகளும் போய்விடுகிறார்கள்.

இது உடம்பு சமாசாரமும்தான்

'தனியா இருந்தா என்ன? நிம்மதியா இருக்கலாமே' என்பவர்களும் உண்டு. தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. முதலாவது நாமாகத் தேடிக்கொள்வது. இரண்டாவது, ஆள் வேண்டும் என்று மனசு கேட்டும் கிடைக்காத நிலை. பட்டினியும் விரதமும் ஒன்றா?

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் இதற்கென்றே ஒரு ஆணையம் அமைத்தது. 2025 ஜூனில் அது வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. அதற்கு முன்பே, 2010-ல், ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் 148 ஆய்வுகளை ஒன்றாக அலசினார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய விவரம். நல்ல மனித உறவுகள் உள்ளவர்கள், ஆய்வு நடந்த காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. உறவு இருந்தால் ஆயுள் கெட்டி என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. நோயாளியாக இருப்பதாலேயே வெளியே போய்ப் பழக முடியாதவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். ஆனாலும் அலட்சியப்படுத்தும் எண் அல்ல.

தனிமையில் உடம்பு ஒரு மாதிரி எச்சரிக்கை நிலையிலேயே இருக்கிறது. கார்ட்டிசால் போன்ற மனஅழுத்த ஹார்மோன்களின் தாளம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது. தூக்கம் கெட்டால் பசி கெடும். பசி கெட்டால் ஒரு வேளை சாப்பிடாமல் விட்டு அடுத்த வேளை பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்யத் தோன்றும். இதோடு அந்த ஊர்ப் புழுக்கமும் சேர்ந்துகொண்டால், ஏ.சி. அறையை விட்டு வெளியே வரவே மனம் வராது. 'உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்தான்' என்று சொல்பவர்களிடம், ஒரு வாரத்தில் வீட்டு மனிதர்களைத் தவிர எத்தனை பேரிடம் வாய்விட்டுப் பேசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கலெர்வோ ஓபெர்க் என்று ஒரு மானிடவியல் அறிஞர். வெளிநாடு போய்க் குடியேறுகிறவர்களுக்கு ஏற்படும் மன அதிர்ச்சியைப் பற்றி 1960-ல் எழுதினார். முதல் சில வாரங்கள் தேனிலவு மாதிரி, பார்ப்பதெல்லாம் அழகு. அப்புறம் வரும் எரிச்சல் காலம். அதன் அறிகுறிகள் என்று அவர் எழுதி வைத்த பட்டியலைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். அடிக்கடி கை கழுவுவது, குடிக்கிற தண்ணீர் சரியில்லையோ என்று கவலைப்படுவது, எல்லோரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பது, ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று தவிப்பது... உங்கள் மகள் மூன்றாவது மாதத்தில், 'இந்த ஊரே எனக்குப் பிடிக்கலை' என்று சொன்னால் உடனே மாப்பிள்ளை மேல் சந்தேகப்பட வேண்டாம். இந்தக் கட்டம் அநேகம் பேருக்கு வந்து போவதுதான்.

போகாமல் நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனச்சோர்வு, எதிலும் ஆசையில்லை, விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அழுகை, குழந்தை பெற்ற வீட்டில் தாய்க்குக் குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை என்றெல்லாம் இருந்தால் அது டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். அங்கே குடியிருப்புப் பேட்டைகளில் எல்லாம் குடும்ப டாக்டர்கள் கிளினிக் வைத்திருக்கிறார்கள். முதலில் அவரிடம் போனால் போதும். 'செத்துப் போயிடலாமா' என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணுக்கும், 2025-ல் தொடங்கிய மனநல உதவி எண் 1771-க்கும் சிங்கப்பூரில் எந்நேரமும் போன் பண்ணலாம். ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது மணி நேரக் கணக்கு

சரி, இனி நட்பு விஷயத்துக்கு வருவோம்.

'எனக்குச் சட்டுனு பழக வராது' என்று பலரும் சொல்வதுண்டு. ஏதோ பாட்டு வராது, சைக்கிள் ஓட்ட வராது என்பது போல! நட்பு என்பது சுபாவத்தைவிட அதிகமாக நேரத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சமீபத்தில் ஊர் மாறி வந்தவர்களாகப் பார்த்துப் பிடித்து, புதிதாக அறிமுகமான ஒருவரோடு எத்தனை மணி நேரம் கழித்தீர்கள், இப்போது அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். வெறும் அறிமுகம் சாதாரண சிநேகமாக மாற சுமார் 50 மணி நேரம்; 'என் ஃபிரெண்ட்' என்று சொல்லிக்கொள்ள சுமார் 90 மணி; நெருங்கிய தோழியாக 200 மணிக்கும் மேலே. அதிலும், ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேரவில்லை. சும்மா உட்கார்ந்து அரட்டை அடித்த நேரம்தான் சேர்ந்தது!

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சிங்கப்பூரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை மாதம் ஒரு தடவை சாப்பாட்டுக்கு அழைக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் பேசுகிறீர்கள். வருஷத்துக்கு 24 மணி. சிநேகமாவதற்கே இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் அவர்கள் சிட்னிக்கு மாற்றலாகிப் போயிருப்பார்கள். அதே சமயம், கீழ் வீட்டுப் பெண்மணியோடு தினம் அரை மணி நேரம் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாளில் ஐம்பது மணி ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. சமைக்க வேண்டாம், வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டாம், நல்ல புடவை கட்ட வேண்டாம்.

இதை அந்தத் தீவில் மிக நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் யார் தெரியுமா? நம் ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குப் போயிருக்கும் தம்பிகள். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் அலைமோதும். ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மரத்தடி, ஒரு கடை வாசல், ஒரு புல்வெளி மூலை உண்டு. வாரா வாரம் அதே இடம், அதே நேரம். யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. போனால் ஆள் இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போன நாம், 'அடுத்த வாரம் பார்க்கலாம், போன் பண்றேன்' என்று சொல்லிவிட்டு அதை மறந்தும் விடுகிறோம்.

லிஃப்ட் வாசலும் சிநேகம் வளர்க்கும்

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியின் மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி 1950-ல் ஒரு பிரபல ஆய்வு வந்தது. ஃபெஸ்டிங்கர் என்பவரும் இரு சகாக்களும் செய்தது. யாருக்கு யார் சிநேகிதர் என்று பார்த்தால், பெரும்பாலும் அடுத்த கதவுக்காரர்தான்! மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு அமைந்தவர்களுக்கு மாடியிலும் சிநேகிதர்கள். படியேறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் கண்ணில் பட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். இந்தக் கட்டடங்கள் பலவற்றில் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்த வெளியாக விட்டிருப்பார்கள். கல்யாணம், சாவு, சதுரங்கம், சின்னப் பசங்கள் சைக்கிள், பெரியவர்கள் அரட்டை எல்லாம் அங்கேதான். நம் ஊர்த் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போகிறவர்கள் நீச்சல் குளம், ஜிம் எல்லாம் உள்ள தனியார் 'காண்டோ'வில் வீடு எடுக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். வாடகை கூடுதல், பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் காலம் தள்ளவும் வசதி கூடுதல். என்னைக் கேட்டால், முதல் வீட்டை வீவக பேட்டையில் எடுங்கள் என்பேன். காண்டோதான் அமைந்தது என்றால் சாயந்திரம் குழந்தைகள் குளத்தடியில் கூடும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

நேரம் முக்கியம். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை அந்த வெயிலில் ஒரு குருவிகூடத் தெருவில் நடக்காது. பலரும் செய்யும் தப்பு, வீட்டு வேலை முடித்து பதினோரு மணிக்கு வெளியே வந்து, 'ஈ காக்கை இல்லை, இந்த ஊரில் மனுஷங்களே கிடையாது' என்று திரும்பிவிடுவது. மனுஷர்கள் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரையும், மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் வெளியே இருக்கிறார்கள். காலையில் வீவக கீழ்த்தளத்திலும் பூங்காவிலும் சீனப் பாட்டிமார் வரிசையாக நின்று மெதுவாகக் கையை அசைத்து 'தாய் சி' செய்வார்கள். பின் வரிசையில் போய் நில்லுங்கள். பாஷை தேவையில்லை. நாலாவது நாள் நீங்கள் வராவிட்டால் ஐந்தாவது நாள் கையாலேயே 'ஏன் வரலை?' என்று விசாரிப்பார்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். சில வருஷங்களில் இந்தோனேசியக் காட்டுத் தீயினால் புகைமூட்டமும் வரும்; 2015-ல் ஒரு நாள் பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார்கள். ஆகவே கூரையுள்ள ஒரு இடத்தையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றம் உண்டு. மக்கள் கழகம் நடத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்கள். சமையல், தையல், யோகா, பூப்பந்து என்று கட்டணம் கட்டிச் சேரும் வகுப்புகள் நிறைய. ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் போகாமல் எட்டு வாரம், பத்து வாரம் தொடரும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். ஐம்பது மணிக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்! நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. தமிழ் வாசகர் வட்டங்களும் கூடுகின்றன. ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா. கோயிலுக்குப் போனால் கும்பிட்டுவிட்டு ஓடி வந்துவிடாமல், பூக்கட்டவோ பந்தியில் பரிமாறவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேலை கையில் இருந்தால் கூச்சம் தெரியாது. ஓட்டத்தில் விருப்பமுள்ள ஆண்களுக்கு, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சனிக்கிழமை காலை 'பார்க்ரன்' என்று 5 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. இலவசம். நடந்தே முடித்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காப்பிக்கடைப் பாடம்

உணவங்காடி நிலையம் என்று அங்கே சொல்வார்கள். ஒரே கூரையின் கீழ் சீன, மலாய், இந்தியக் கடைகள். நடுவே பொது மேசைகள். இந்தப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கூட்டமான நேரத்தில் முன்பின் தெரியாதவர் மேசையில், 'இங்கே உட்காரலாமா?' என்று கேட்டு உட்காருவது சகஜம். காலியான மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பாக்கெட் கிடந்தால் அது யாரோ மறந்து வைத்தது அல்ல. துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்!

அங்கே வெறும் 'கோப்பி' என்று கேட்டால் கெட்டிப்பால் போட்டு இனிக்க இனிக்க வரும். 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாமல், சர்க்கரையோடு. 'கோசோங்' என்று சேர்த்துச் சொன்னால் சர்க்கரையும் கிடையாது. 'ஸியூ டாய்' என்றால் இனிப்புக் குறைவு. சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்த இரண்டு வார்த்தைகளையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. தினம் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்குங்கள். பத்தாவது நாள் நீங்கள் வாயைத் திறக்குமுன் உங்கள் கோப்பி தயாராகிவிடும். இதெல்லாம் நட்பா என்று கேட்காதீர்கள். நம்மைத் தெரிந்த ஒரு முகம் தினம் தலையாட்டுவதே மனசுக்கு ஒரு தெம்பு.

உறவுமுறை சொல்லி அழைக்கும் பழக்கம் அங்கேயும் அமோகமாக இருக்கிறது. கடைக்காரம்மா 'ஆண்ட்டி', டாக்ஸிக்காரர் 'அங்கிள்'. பெயர் தெரிய வேண்டியதில்லை. மலாய்க்காரர்களும் சீனர்களும் பார்த்தவுடன் கேட்கும் குசலம் என்ன தெரியுமா? 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான். நமக்கு இதைவிட வசதியான ஊர் எங்கே கிடைக்கும்!

கறி வாசனையும் முறுக்குத் தட்டும்

'நம்ம சமையல் வாசனை அடுத்த வீட்டுக்காரங்களுக்குப் பிடிக்காதோ' என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாளிப்பவர்கள் உண்டு. 2011-ல் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை ஒத்துவரவில்லை. சமரச மையத்துக்குப் போய், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். விஷயம் பத்திரிகையில் வந்ததும் தீவே கொதித்தது. ஆகஸ்ட் 21-ம் தேதியை 'ஒரு சட்டி கறி சமைக்கும் நாள்' என்று அறிவித்தார்கள். பல்லாயிரம் பேர் இணையத்தில் ஆதரவு சொல்லிக் கைகோத்தார்கள். சீனர், மலாய்க்காரர் எல்லோரும்தான். கறி அங்கே எல்லோருடைய சாப்பாடு, தைரியமாகத் தாளியுங்கள்.

தீபாவளி அங்கே அரசு விடுமுறை. இரு பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு முறுக்கு கொடுப்பதைவிடச் சுலபமான அறிமுகம் வேறில்லை. மலாய் வீடென்றால் அவர்கள் ஹலால் பார்ப்பார்கள். 'வீட்டில் செய்தது, இறைச்சி எதுவும் சேரவில்லை, எடுத்துக்குவீங்களா?' என்று கேட்டுக் கொடுங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் அழைத்தால் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். ஜோடியாகத்தான், ஒற்றையாகக் கூடாது. திரும்பி வரும்போது அவர்களும் இரண்டு கொடுப்பார்கள். எந்த வீட்டுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுப் போவதுதான் அங்கே மரியாதை.

உள்ளூர்த் தமிழரிடம்...

தமிழ் அங்கே ஆட்சி மொழிகள் நான்கில் ஒன்று. மாரியம்மன் கோயில் 1827-ல் ஏற்பட்டது. 'தமிழ் முரசு' 1935-லிருந்து வருகிறது. நாலைந்து தலைமுறையாக வாழும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஆனால் புதிதாகப் போகும் நம்மவர்கள் பலர் அவர்களோடு ஒட்டுவதே இல்லை. ஒரே கம்பெனி, ஒரே கல்லூரி, ஒரே மாவட்டம் என்று தனிக் கூட்டம் சேர்த்துக்கொள்கிறார்கள். 'அவங்க தமிழே ஒரு மாதிரி' என்று பேச்சு வேறு. பசார், மாக்கான் என்று மலாய்ச் சொற்கள் கலக்கும், 'லா' என்று முடியும். சிரிக்காதீர்கள். நாம் பேசுவதில் பாதி இங்கிலீஷ் என்று அவர்களும் சிரிக்கலாம்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். 'நீங்க எந்த ஆளுங்க?' என்று சுற்றி வளைத்து ஜாதி விசாரிக்கும் பழக்கத்தை சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று கேட்டால், 'சிங்கப்பூர்தான்' என்று பதில் வரும். அதோடு நிறுத்துங்கள். 'அதுக்கு முன்னாடி?' என்று தோண்டினால் அவர் அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் வேறு லிஃப்டுக்குக் காத்திருப்பார். வாடகை, சம்பளக் கேள்விகளும் வேண்டாம். பதிலாக அவர்களிடம் உதவி கேளுங்கள். 'நல்ல பாலர் பள்ளி எது?', 'இந்த மீனுக்கு இங்கே என்ன பேரு?' உதவி கேட்கப்பட்டவர்தான் முதலில் சொந்தம் கொண்டாடுவார்.

பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, 'என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்களோ' என்று மருகுகிறீர்களா? எரிக்கா பூத்பி என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதையும் சோதித்து 2018-ல் எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை பேசிக்கொண்ட இருவரில் ஒவ்வொருவரும், அடுத்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருந்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்களாம். நீங்கள் நினைத்ததைவிட அவருக்கு உங்களைப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மறுநாளும் போங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். நீங்கள் மத்தியானச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்கு ஓய்வாக வீடியோ காலில் வரும்போது, அங்கே மணி ஐந்தரை. மகள் கீழே இறங்கி மனிதர்களைப் பார்க்க வேண்டிய நேரம்! போன் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஊர் நேரம் மாலை ஆறரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே அப்போது ஒன்பது மணி. அன்றைக்கு என்ன சமையல் என்பதோடு, 'இன்னிக்கு யாரைப் பார்த்தே?' என்றும் கேளுங்கள்.

கணவர்களுக்கும் ஒன்று. உங்களுக்கு ஆபீஸில் பத்துப் பேர் இருக்கிறார்கள். சாயந்திரம் அலுப்போடு வந்து 'பேசாம இருக்க விடு' என்கிறீர்கள். நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருந்தவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? வாரத்தில் இரண்டு சாயந்திரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை வெளியே அனுப்புங்கள். ஆபீஸ் சகாக்களை நண்பர்கள் என்று நீங்கள் நினைத்திருந்தாலும், வேலை மாறியபின் எத்தனை பேர் போன் செய்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை பூப்பந்து உங்களுக்கும் தேவைதான்.

தோழி கிளம்பும்போது

இவ்வளவும் செய்து ஒரு நல்ல தோழி அமைந்த பிறகு, ஒரு நாள் அவர் வந்து, 'அவருக்கு பாஸ் புதுப்பிக்கலை, அடுத்த மாசம் கிளம்பறோம்' என்பார். அங்கே இது சாதாரணம். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும், 'இனிமே யாரோடயும் ஒட்டிப் பழக மாட்டேன்' என்று கதவைச் சாத்திக்கொள்பவர்களை அந்த ஊரில் நிறையவே பார்க்கலாம். இரண்டு வாரம் அழுதுவிட்டுப் போகட்டும். நடை நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அதே ஆறரை மணி, அதே கீழ்த்தளம். இன்னொன்று: ஒரே ஒரு தோழியை மட்டும் நம்பியிருக்காமல், இரண்டு பேரில் ஒருவராவது உள்ளூர்க்காரராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எங்கேயும் மாற்றலாகிப் போக மாட்டார்.

கிளம்புகிற குடும்பம் கட்டில், குக்கர், கறிவேப்பிலைத் தொட்டி எல்லாவற்றையும் தெரிந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறும். நீங்களும் தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, அவருக்குப் பழக்கமான இரண்டு பேரை, நீங்கள் இதுவரை பேசியிராதவர்களாகப் பார்த்து, கிளம்புவதற்கு முன்னால் நேரில் அறிமுகப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். அந்த வாரம் அவருக்குப் பெட்டி கட்டவே நேரம் சரியாக இருக்கும்.